படத்தைப் பார்த்தே பாறையின் வயதைச் சொல்கிறார்கள், தெரியுமா?

செவ்வாயில் இன்றுவரை மனிதக் கால் பட்டதில்லை. அங்கிருந்து ஒரு கூழாங்கல்லைக்கூட எந்த விண்கலமும் பூமிக்குக் கொண்டுவந்ததில்லை. ஆனாலும் அங்கே எந்த ஆறு எந்தப் பக்கம் ஓடியது, எந்த எரிமலை எத்தனை கிலோமீட்டர் உயரம், எந்தச் சமவெளி மூத்தது, எது இளையது என்று நிலவியலாளர்கள் அடித்துச் சொல்கிறார்கள்! எப்படி? பெரும்பாலும் விண்கலங்கள் அனுப்பிய படங்களை வைத்துத்தான். அதைவிடப் பெரிய வியப்பு ஒன்று உண்டு. கூர்மையான கேமரா ஒன்று அங்கே போகும்போதெல்லாம், அதுவரை நம்பிய கதை தலைகீழாக மாறியிருக்கிறது! அறுபது ஆண்டுகளாக நடக்கும் அந்த அதிசயங்களில் சில, இதோ!

முதல் படத்துக்குக் கையால் வண்ணம் தீட்டினார்கள், தெரியுமா?

1965 ஜூலை. நாசாவின் மரைனர் 4 செவ்வாயைக் கடந்து பறந்தபடியே படமெடுத்தது. ஒரு படத்துக்கு 200 வரிசை, வரிசைக்கு 200 புள்ளி, ஆக மொத்தம் 40,000 புள்ளிகள். வினாடிக்கு 8 பிட் சொச்சம் என்று அவை ஊர்ந்து வந்தன. ஒரு படம் வந்து சேரவே 8 மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று!

கலிஃபோர்னியாவில் உள்ள ஜெட் உந்துவிசை ஆய்வகத்தின் பொறியாளர்களுக்குக் கணினி படத்தைத் தயாரித்துத் தரும்வரை பொறுக்க முடியவில்லை. ஒவ்வொரு புள்ளியின் வெளிச்ச அளவும் எண்ணாகக் காகிதப் பட்டைகளில் அச்சாகி வந்துகொண்டிருந்தது. அந்தப் பட்டைகளைச் சுவரில் வரிசையாகப் பொருத்தினார்கள். கடையிலிருந்து பேஸ்டல் வண்ணக் கட்டிகளை வாங்கிவந்து, இந்த எண்ணுக்கு இந்த நிறம் என்று முடிவுசெய்து தீட்ட ஆரம்பித்தார்கள். மஞ்சளும் பழுப்புமாகச் செவ்வாயின் விளிம்பு அந்தச் சுவரிலேயே உருவாகிவிட்டது! அந்த ஓவியம் இன்றும் அந்த ஆய்வகத்தில் பத்திரமாக இருக்கிறது.

அந்தப் படங்களே உலகத்தை ஏமாற்றின, தெரியுமா?

அதற்கு முன், பெர்சிவல் லோவெல் போன்றவர்கள் செவ்வாயில் கால்வாய்கள் இருப்பதாகவும், அறிவுள்ள உயிர்கள் அவற்றை வெட்டியதாகவும் எழுதியிருந்தார்கள். மரைனர் 4 காட்டியதோ விண்கல் மோதிய பள்ளங்கள்! நிலவைப் போலவே இதுவும் செத்துப்போன கிரகம் என்று பலரும் முடிவுகட்டினார்கள். ஆனால் அந்த 21 படங்களும் காட்டியது செவ்வாயின் பரப்பில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்குதான். அதுவும் பள்ளங்கள் நெருக்கமாக விழுந்த பழைய நிலமாக அமைந்துவிட்டது. மீதி 99 பங்கில் என்னென்ன காத்திருந்தன தெரியுமா?

புழுதி அடங்கியதும் முதலில் தலைகாட்டியவை நான்கு கரும்புள்ளிகள், தெரியுமா?

1971 நவம்பர் 14. பூமியைத் தவிர வேறொரு கிரகத்தைச் சுற்றிவந்த முதல் விண்கலம் என்ற பெருமை மரைனர் 9-க்குக் கிடைத்தது. ஆனால் படத்தில் ஒன்றுமே தெரியவில்லை! கிரகம் முழுவதையும் புழுதிப் புயல் மூடியிருந்தது. அதே சமயத்தில் போய்ச் சேர்ந்த சோவியத்தின் மார்ஸ் 2, மார்ஸ் 3 விண்கலங்கள் முன்கூட்டியே எழுதிவைத்த கட்டளைப்படி படமெடுத்ததால், கிடைத்தவற்றில் பெரும்பாலும் புழுதிதான். மரைனர் 9-க்கோ பூமியிலிருந்து புதுக் கட்டளை அனுப்ப முடிந்தது. பொறுத்திருந்தது.

புழுதி மெல்ல அடங்க, அதற்கு மேலே நான்கு கரும்புள்ளிகள் தெரிந்தன. நான்கும் எரிமலைகளின் உச்சிகள்! அவற்றில் ஒன்றுதான் ஒலிம்பஸ் மோன்ஸ். உயரம் ஏறத்தாழ 22 கிலோமீட்டர். எவரெஸ்ட்டைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அடிவாரத்தின் அகலம் மட்டும் சுமார் 600 கிலோமீட்டர். பூமியில் நிலத்தட்டுகள் நகர்வதால், அடியிலிருந்து குழம்பு வரும் இடத்தை விட்டு எரிமலை விலகிப்போய்விடுகிறது. செவ்வாயில் அப்படித் தட்டுகள் நகரவில்லை. குழம்பு ஒரே இடத்தில் கொட்டிக்கொண்டே இருந்தது. மலை வளர்ந்துகொண்டே போனது!

மரைனர் 9 அனுப்பியவை மொத்தம் 7,329 படங்கள். வற்றிய ஆற்றுத் தடங்களும் அவற்றில்தான் முதன்முதலாகத் தெரிந்தன. செத்த கிரகம் என்ற தீர்ப்பு ஆறே ஆண்டில் கவிழ்ந்தது!

இந்தியாவைவிட நீளமான பள்ளத்தாக்கு அங்கே இருக்கிறது, தெரியுமா?

வடக்கிலிருந்து தெற்கே இந்தியா சுமார் 3,200 கிலோமீட்டர். செவ்வாயின் வாலிஸ் மரினெரிஸ் பள்ளத்தாக்கோ ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர்! சில இடங்களில் அகலம் 200 கிலோமீட்டர், ஆழம் 7 கிலோமீட்டர். அதைக் கண்டுபிடித்த மரைனர் விண்கலத்தின் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள்.

பள்ளங்களை எண்ணினால் நிலத்தின் வயது தெரியும், தெரியுமா?

செவ்வாய் நிலவியலின் உயிர்நாடியே இதுதான்! வானத்திலிருந்து கற்கள் எல்லா இடத்திலும் விழுந்துகொண்டே இருக்கின்றன. ஒரு நிலம் எத்தனை காலம் வெறுமனே கிடக்கிறதோ, அத்தனைக்கு அத்தனை பள்ளங்கள் அதில் சேரும். புதிய எரிமலைக் குழம்பு வந்து மூடினால் பழைய பள்ளங்கள் மறைந்து, கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். ஆகவே பள்ளம் அதிகம் என்றால் நிலம் மூத்தது. குறைவு என்றால் இளையது.

சரி, ஆண்டுக்கணக்கு எங்கிருந்து வந்தது? நிலவிலிருந்து! அப்பல்லோ வீரர்கள் அள்ளிவந்த பாறைகளின் வயதை ஆய்வகத்தில் அளந்தார்கள். அந்தப் பாறைகள் கிடந்த இடங்களில் சதுர கிலோமீட்டருக்கு எத்தனை பள்ளங்கள் என்று படங்களில் எண்ணினார்கள். இரண்டையும் பொருத்தியதும் ஓர் அளவுகோல் கிடைத்தது. செவ்வாய், சிறுகோள்கள் கூட்டத்துக்கு அருகில் இருப்பதைக் கணக்கில் சேர்த்து, அந்த அளவுகோலைச் செவ்வாய்க்கும் திருத்திக்கொண்டார்கள்.

அப்படிப் பிரித்த மூன்று யுகங்கள்தான் நோவாக்கியன், ஹெஸ்பீரியன், அமேசோனியன். ஏறத்தாழ 370 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது முதலாவது. கடந்த 300 கோடி ஆண்டுகள் மூன்றாவது. இடைப்பட்டது ஹெஸ்பீரியன். இன்னொரு ஆச்சரியம்! ஐரோப்பாவின் மார்ஸ் எக்ஸ்பிரஸ் எடுத்த படங்களில் ஒலிம்பஸ் மோன்ஸின் சரிவுகளை எண்ணிப் பார்த்தார்கள். சில குழம்புப் படிவுகளில் பள்ளமே அரிது. அவை வெறும் 20 லட்சம் ஆண்டு பழையவையாக இருக்கலாம் என்று 2004-ல் கணித்தார்கள். நிலவியல் கணக்கில் அது நேற்று நடந்தது!

நிழலை அளந்தே மலையின் உயரத்தைச் சொல்லிவிடலாம், தெரியுமா?

சூரியன் அடிவானத்திலிருந்து 45 பாகையில் நிற்கும்போது, சமதரையில் விழும் நிழலின் நீளமும் பொருளின் உயரமும் ஒன்றே! வேறு கோணம் என்றால் பள்ளிக்கூடத்தில் படித்த முக்கோணவியல் போதும். படம் எடுத்த நேரம் தெரியும். சூரியன் நின்ற கோணமும் தெரியும். மிச்சம், நிழலை அளப்பதுதான். ஒரே இடத்தை இரண்டு கோணங்களிலிருந்து எடுத்தால் மேடு பள்ளம் அத்தனையையும் முப்பரிமாணமாகவே எழுப்பலாம். பின்னாளில் மார்ஸ் குளோபல் சர்வேயர் விண்கலம் 60 கோடிக்கும் மேற்பட்ட லேசர் துடிப்புகளை அனுப்பி, கிரகம் முழுவதன் உயரங்களையும் அளந்தே முடித்துவிட்டது!

மேடாக நிற்கும் ஆறுகள் உண்டு, தெரியுமா?

மார்ஸ் குளோபல் சர்வேயரின் படங்களிலிருந்து 2003-ல் வெளிவந்த அதிசயம் இது. எபர்ஸ்வால்டே என்ற பள்ளத்துக்குள் ஓர் ஆற்று டெல்டா! வளைந்து வளைந்து ஓடிய கிளைகள் அப்படியே தெரிகின்றன. ஆனால் அவை பள்ளமாக இல்லை, வரப்பாக எழுந்து நிற்கின்றன. ஆற்றின் அடியில் தங்கிய சரளையும் மணலும் இறுகிப் பாறையாகிவிட்டன. சுற்றியிருந்த மெல்லிய வண்டலைக் காற்று கோடிக்கணக்கான ஆண்டுகளாக அரித்துக்கொண்டு போய்விட்டது. கெட்டியானது மிஞ்சியது, ஆறு மேடானது! வளைந்து திரும்பும் ஆறு ஒரே நாளில் பாய்ந்து வற்றும் வெள்ளத்தில் உருவாகாது. நெடுங்காலம் நீர் ஓடியிருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேறென்ன வேண்டும்!

வெள்ளம் புரண்ட இடங்களும் உண்டு. ஏரிஸ் வாலிஸ் பகுதியில் ஆற்றுத்திட்டுகள் கண்ணீர்த்துளி வடிவில் கிடக்கின்றன. திட்டின் கூரிய வால் எந்தப் பக்கமோ, அந்தப் பக்கம்தான் வெள்ளம் போனது. இன்னும் சில பள்ளங்களைச் சுற்றி, ஈரச்சேற்றில் கல்லெறிந்தால் தெறிக்குமே, அதே மாதிரி மடல் மடலாக மண் வழிந்து உறைந்திருக்கிறது. விண்கல் விழுந்தபோது நிலத்தடியில் நீரோ பனியோ இருந்திருக்க வேண்டும் என்று பலரும் கருதுவது அதனால்தான்!

மேலிருந்து சொன்னது கீழே போனதும் அப்படியே பலித்தது, தெரியுமா?

சுற்றிவரும் விண்கலம் ஒன்று மெரிடியானி சமவெளியில் ஹேமடைட் என்ற இரும்புக் கனிமம் இருப்பதாக ஒளியைப் பிரித்துப் பார்த்துச் சொன்னது. 2004 ஜனவரியில் ஆப்பர்சூனிட்டி ரோவர் அங்கேயே இறங்கியது. தரையெங்கும் ஹேமடைட் உருண்டைகள்!

கேல் பள்ளத்தின் நடுவே 5 கிலோமீட்டர் உயர மலை ஒன்று அடுக்கடுக்காக நிற்பதைப் படங்கள் காட்டின. அதன் கீழடுக்கில் களிமண் கனிமங்கள் இருப்பதையும் மேலிருந்தே கண்டார்கள். 2012 ஆகஸ்டில் அங்கே இறங்கிய கியூரியாசிட்டி அடுத்த மாதமே கண்டது என்ன தெரியுமா? நீரில் உருண்டு உருண்டு முனை மழுங்கிய கூழாங்கற்கள்! ஒரு காலத்தில் அங்கே ஓடை ஓடியிருக்கிறது. 2021 பிப்ரவரி 18-ல் பெர்சிவியரன்ஸ் இறங்கிய ஜெசெரோ பள்ளத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னதும் மேலிருந்து எடுத்த டெல்டா படங்கள்தான்.

300 கிலோமீட்டர் உயரத்திலிருந்து ஒரு மேசையைக்கூடப் பார்த்துவிடலாம், தெரியுமா?

2006 முதல் செவ்வாயைச் சுற்றிவரும் மார்ஸ் ரெகனைசன்ஸ் ஆர்பிட்டரில் ஹைரைஸ் என்ற கேமரா இருக்கிறது. அதன் கண்ணாடி அரை மீட்டர் விட்டம். படத்தின் ஒரு புள்ளி தரையில் 25 முதல் 30 சென்டிமீட்டர்! 2008 மே மாதம் ஃபீனிக்ஸ் லேண்டர் பாராசூட்டில் தொங்கியபடி இறங்கும் காட்சியையே அது வானத்திலிருந்து பிடித்துவிட்டது. 2003 டிசம்பர் 25-ல் இறங்கப் போய்க் காணாமல்போன பிரிட்டனின் பீகிள் 2 லேண்டரை, 11 ஆண்டுகள் கழித்து இந்தக் கேமராவின் படங்களில்தான் கண்டுபிடித்தார்கள். முழுக்க விரித்தாலும் 2 மீட்டர் தேறாத சின்னஞ்சிறு பொருள் அது!

பனிச்சரிவு கேமராவில் நேரடியாகச் சிக்கியது, தெரியுமா?

2008 பிப்ரவரி 19. வட துருவத்தின் விளிம்பில் உறைபனி எப்படி மாறுகிறது என்று பார்க்க ஹைரைஸ் ஒரு படம் எடுத்தது. 700 மீட்டருக்கும் உயர்ந்த செங்குத்துச் சரிவு அது. படம் வந்ததும் பார்த்தால், சரிவின் அடியில் புகைமண்டலம்! பனியும் தூசும் அந்த நொடியில் சரிந்து விழுந்துகொண்டிருந்தன. ஒன்றில்லை, ஒரே படத்தில் நான்கு சரிவுகள்! வேறொரு கிரகத்தில் நிலம் சரிவதை அது நிகழும்போதே மனிதர்கள் பார்த்தது அப்படித்தான்.

மணல் குன்றுகள் நடக்கின்றன, தெரியுமா?

செவ்வாயின் காற்று மிக மெல்லியது. மணல் குன்றுகளை நகர்த்த அதற்குத் திராணி ஏது என்றுதான் நெடுநாள் நினைத்தார்கள். நீலி பட்டேரா என்ற இடத்தை 2007-ல் சில மாத இடைவெளியில் இருமுறை படமெடுத்தார்கள். பூமியில் நிலநடுக்கத்தால் தரை எவ்வளவு நகர்ந்தது என்று அளக்க உருவாக்கிய கணினி முறையில் இரண்டு படங்களையும் ஒப்பிட்டார்கள். குன்றுகளின் மேல் மணல் அலைகள் நகர்ந்திருந்தன! அன்டார்க்டிகாவின் விக்டோரியா பள்ளத்தாக்கில் மணல் நகரும் அளவுக்கு அங்கேயும் நகர்கிறது என்று 2012-ல் அறிவித்தார்கள். உறைந்து நிற்கும் கிரகம் என்ற நினைப்பும் போயிற்று!

வசந்தம் வந்தால் தென் துருவத்தில் 'சிலந்திகள்' விரிகின்றன, தெரியுமா?

குளிர்காலத்தில் தென் துருவத்தை உறைந்த கரியமில வாயு பாளமாக மூடுகிறது. வசந்தத்தில் சூரிய ஒளி அந்தப் பாளத்தை ஊடுருவி அடியிலுள்ள தரையைச் சூடாக்குகிறது. அடிப்பக்கம் வாயுவாக மாறுகிறது. போக வழியில்லாமல் அழுத்தம் ஏறி ஏறி, ஒரு விரிசலைக் கண்டதும் பீறிட்டு அடிக்கிறது! வாயு விரைந்து ஓடிய வழியெல்லாம் தரையில் அரிப்பு. அப்படி நடுவிலிருந்து கிளை கிளையாகப் பிரியும் தடங்களைத்தான் சிலந்திகள் என்கிறார்கள். பூமியில் இயற்கையாக இப்படி நடக்கும் இடமே கிடையாது!

ஒரு நிலஅதிர்வின் காரணத்தைப் படம் காட்டிக்கொடுத்தது, தெரியுமா?

2021 டிசம்பர் 24. செவ்வாயில் இறங்கியிருந்த இன்சைட் லேண்டரின் அதிர்வுமானி 4 என்ற அளவில் ஒரு நடுக்கத்தைப் பதிவுசெய்தது. ஏன் நடுங்கியது என்று தெரியவில்லை. 2022 பிப்ரவரியில், ஆர்பிட்டரின் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்த விஞ்ஞானிகள் அமேசோனிஸ் சமவெளியில் ஒரு புதிய கறையைக் கண்டார்கள். அந்த இடத்தின் பழைய படங்களைத் தேடி எடுத்தார்கள். நாள்தோறும் கிரகம் முழுவதையும் படமெடுக்கும் வானிலை கேமராவில், முதல் நாள் கறை இல்லை, மறுநாள் இருக்கிறது! எந்த நாள்? அதே டிசம்பர் 24!

விண்கல் விழுந்திருக்கிறது. பள்ளத்தின் அகலம் ஏறத்தாழ 150 மீட்டர், ஆழம் 21 மீட்டர். தெறித்த பொருள்கள் 37 கிலோமீட்டர் தூரம்வரை போய் விழுந்தன. ஹைரைஸ் கேமராவைத் திருப்பிப் பார்த்தால், பள்ளத்தைச் சுற்றிலும் வெள்ளை வெளேரென்று பனிக்கட்டிப் பாளங்கள்! நிலத்தடிப் பனி இவ்வளவு தெற்கே, நடுக்கோட்டுக்கு இத்தனை அருகில் கண்ணுக்குத் தெரிந்தது அதுவே முதல்முறை. ஒரு கல் விழுந்தது. அதிர்வுக்குக் காரணம் கிடைத்தது, பள்ளம் பிறந்த நாள் கிடைத்தது, பனி இருக்குமிடமும் கிடைத்தது!

'மனித முகம்' வெறும் மலையாகிப்போனது, தெரியுமா?

1976 ஜூலை 25-ல் வைக்கிங் 1 எடுத்த படத்தில் சைடோனியா பகுதியில் ஒரு மனித முகம்! கண், மூக்கு, வாய் எல்லாம் இருந்தன. புத்தகங்கள் வந்தன, திரைப்படங்கள் வந்தன. வைக்கிங் எடுத்த மிகத் தெளிவான படத்தில்கூட ஒரு புள்ளி தரையில் 43 மீட்டர். 2001-ல் மார்ஸ் குளோபல் சர்வேயர் அதே இடத்தை எடுத்தபோது ஒரு புள்ளி சுமார் ஒன்றரை மீட்டர். முகம் போயிற்று, காற்றால் அரிக்கப்பட்ட தட்டைத்தலைக் குன்று ஒன்று நின்றது. கண்ணும் வாயும் நிழல் செய்த வேலை!

கருங்கோடுகளைக் கண்டவர் ஒரு கல்லூரி மாணவர், தெரியுமா?

நேபாளத்தில் பிறந்த லுஜேந்திர ஓஜா, அரிசோனா பல்கலைக்கழகத்தில் இளநிலை மாணவராக இருந்தபோது ஹைரைஸ் படங்களை ஒப்பிட்டுப் பார்த்தார். செங்குத்துச் சரிவுகளில் கோடையில் நீண்டு, குளிரில் மறையும் கருங்கோடுகள்! 2011-ல் அறிவியல் உலகமே திரும்பிப் பார்த்தது. உப்புநீரா? இருக்கலாம் என்றார்கள். பிறகு முப்பரிமாணப் படங்களில் சரிவின் கோணத்தை அளந்தார்கள். உலர்ந்த மணல் தானாகச் சரியும் செங்குத்தில்தான் அந்தக் கோடுகள் முடிகின்றன என்று தெரிந்தது. இது மணல் ஓட்டமாகவே இருக்கக்கூடும் என்று 2017-ல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். இன்னும் கூர்ந்து பார்த்தால் பதில் மாறும் என்பதை ஏற்பதில்தானே அறிவியலின் அழகு!

முழு உருண்டையையும் ஒரே படத்தில் பிடித்தது நம் மங்கள்யான், தெரியுமா?

2014 செப்டம்பர் 24-ல் முதல் முயற்சியிலேயே செவ்வாயை எட்டிய மங்கள்யானின் பாதை நீள்வட்டம். கிரகத்தைவிட்டு 70,000 கிலோமீட்டருக்கும் அப்பால் போய் வந்ததால், முழுச் செவ்வாயும் அதன் வண்ணக் கேமராவில் ஒரே சட்டத்தில் அடங்கியது! அந்தத் திட்டத்தை இயக்கியவர் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்த சுப்பையா அருணன்.

இந்தியாவுக்கு இன்னொரு தொடர்பும் உண்டு. செவ்வாயின் தரை பெரும்பாலும் எரிமலைப் பாறையான பசால்ட். பசால்ட் மேல் விண்கல் விழுந்து உண்டான பள்ளம் பூமியில் மிக அரிது. மகாராஷ்டிரத்தின் லோனார் ஏரி அப்படிப்பட்டது, அகலம் 1.8 கிலோமீட்டர். செவ்வாய்ப் பள்ளங்களின் படங்களைப் புரிந்துகொள்ள விஞ்ஞானிகள் தேடிவருவது லோனாரை!

ஏழாம் வகுப்பு மாணவர்கள் செவ்வாயில் குகை வாய் கண்டுபிடித்தார்கள், தெரியுமா?

2010. கலிஃபோர்னியாவின் எவர்கிரீன் நடுநிலைப் பள்ளி மாணவர்கள் 16 பேர், பவோனிஸ் மோன்ஸ் எரிமலையின் சரிவைப் படமெடுக்கும்படி ஒரு மாணவர் திட்டத்தின் வழியாகக் கேட்டார்கள். குழம்பு ஓடிய சுரங்கங்களைப் பற்றிப் படிப்பதுதான் அவர்கள் நோக்கம். வந்த படத்தில் கரிய வட்டம் ஒன்று இருந்தது. கூரை இடிந்து திறந்துகொண்ட குழி! அதுவரை யாரும் குறித்துவைக்காதது!

பெரிய ஆய்வகம் வேண்டாம், பட்டமும் வேண்டாம். ஹைரைஸ் படங்கள் அத்தனையும் இணையத்தில் இலவசம். அதோடு, ஆறு மீட்டர் கூர்மையுள்ள இன்னொரு கேமராவின் 1,10,000 படங்களை இணைத்து, 5.7 லட்சம் கோடி புள்ளிகள் கொண்ட செவ்வாய் வரைபடத்தை 2023-ல் கால்டெக் பல்கலைக்கழகம் வெளியிட்டிருக்கிறது. அதையும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். இத்தனை படங்களையும் அங்குலம் அங்குலமாகப் பார்த்து முடிக்க உலகத்தில் இருக்கும் விஞ்ஞானிகள் போதவே போதாது!

பார்க்கத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. ஒளி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரியாவிட்டால், பள்ளம் மேடாகவும் மேடு பள்ளமாகவும் கண்ணுக்குத் தெரியும். ஹைரைஸ் இருக்கும் ஆர்பிட்டர் செவ்வாயின் நடுப்பகுதிகளைப் பிற்பகலில் கடந்து படமெடுக்கிறது. வடக்கு மேலே இருக்கும்படி வைத்த படத்தில் வெயில் இடப்பக்கமிருந்து விழும். நிழல் இடப்பக்கச் சுவரில் என்றால் அது பள்ளம். வலப்பக்கத்தில் என்றால் குன்று. இவ்வளவு தெரிந்தால் போதும், இன்றைக்கே உங்கள் வீட்டுப் பிள்ளையோடு உட்கார்ந்து பள்ளங்களை எண்ணத் தொடங்கிவிடலாம்!